பூஜ்யம் பேர் ஏறும் லிஃப்ட்

பூவராகனுக்கு இரும்பைக் கண்டு பயம் கிடையாது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர். ஐம்பது டன் பிரஸ்ஸுக்குள் கையை விட்டு வேலை பார்ப்பார். முகத்தில் ஓர் அசைவு இருக்காது. ஆனால் அரசாங்க முத்திரை குத்திய பழுப்பு உறை ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் அன்று ராத்திரி தூங்கமாட்டார். வாக்காளர் அட்டையில் அவர் பெயர் 'பூவராகவன்' என்று ஒரு எழுத்துக் கூடுதலாக விழுந்திருந்தது. திருத்தப் போனால் இத்தனை நாள் வேறு பெயரில் இருந்ததாகச் சொல்லி உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, ஒன்பது வருஷமாக அந்தக் கூடுதல் எழுத்தோடுதான் ஓட்டுப் போட்டுவந்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் 2006ஆம் வருஷம் தன் வீட்டில் அனுமதி இல்லாமல் லிஃப்ட் ஓட்டியதாகப் பிடிபட்டார். வீட்டுக்கு மாடி கிடையாது.

நடந்தது இதுதான். இரும்புலியூரில் அவர்கள் வாங்கிய மனையில் முன்பு ஒருவர் லாரி நிறுத்திக்கொண்டிருந்தார். வீட்டை ஒட்டிப் பெரிய ஷெட். பதினாலு அடி அகலம், பன்னிரண்டு அடி உயரத்தில் அதற்கு ஒரு ஷட்டர் கதவு. அதைத் தவிர ஷெட்டுக்கு வேறு வழியில்லை. பூவராகனின் மனைவி பட்டு அதில் தன் பள்ளி வேனை நிறுத்துவாள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரைக் கேம்ப் ரோடு பள்ளிக்கூடத்துக்கு அவளே ஓட்டிக்கொண்டு போய் விடுவாள். பூவராகன் முதல் ஷிப்டுக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்குவது பட்டு ஒருத்திதான். ஸ்பிரிங் செத்துப்போன ஷட்டர். ஒருநாள் பாதி தூக்கும்போது அவள் வலது தோளில் ஏதோ பட்டென்று அறுந்த மாதிரி இருந்தது. இனிமேல் தலைக்கு மேல் கையைத் தூக்கி எதையும் இழுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்ப வேன வித்துடலாமா?" என்றார் பூவராகன்.

"வேன இன்னாத்துக்கு விக்கணும்? கதவத் தொறக்க ஒரு வழி பண்ணு. ஊருக்கெல்லாம் மிஷின் செஞ்சு குடுக்கறியே" என்றாள் பட்டு.

செய்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய கியர்பாக்ஸ் கிடைத்தது. பட்டறையில் கழித்துப்போட்ட மோட்டார் ஒன்றை முதலாளியிடம் சொல்லி வாங்கி, செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டினார். இரண்டுக்கும் நடுவே மோட்டார் சைக்கிள் செயின். மேலே போய் முட்டும்போதும் கீழே வந்து தொடும்போதும் தானாக நிற்க முனைக்கொரு சுவிட்சு. ரிச்சி தெருவில் வாங்கிய கார் ரிமோட். கரண்ட் போனால் இழுக்க உள்பக்கம் ஒரு கைச்சங்கிலி. அதுவும் போதாதென்று, வெளிச்சுவரில் ஒரு துளை போட்டுக் கைப்பிடியைச் செருகிச் சுற்றவும் வழி வைத்தார். முதல் சோதனையில் ஒயர் மாற்றிக் கொடுத்துவிட்டதால் ஷட்டர் தலைகீழாகச் சுற்றி, செயின் அறுந்து அவர் காதை உரசிக்கொண்டு பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. பூவராகன் சிரித்துக்கொண்டே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை பட்டு வேனுக்குள் உட்கார்ந்தபடி பித்தானை அழுத்தினாள். ஷட்டர் உறுமிக்கொண்டு மேலே சுருண்டது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

கூட்டத்தில் முதல் ஆளாகக் கைதட்டியவர் எதிர்வீட்டுச் சத்தியநாதன். குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர். எதைப் பார்த்தாலும் யாருக்காவது கடிதம் எழுதிவிடும் பழக்கம் உள்ளவர். தன் வீட்டுக்கும் இதேபோல ஒன்று வைக்கலாமா என்று யோசித்தவர், சட்டப்படி எதையும் செய்ய வேண்டும் என்பதற்காக, 'எங்கள் தெருவின் பெருமை திரு. பூவராகன் அமைத்துள்ள மோட்டார் சாதனம் மேலும் கீழும் அருமையாக இயங்குகிறது' என்று பாராட்டி, செங்குத்து இயக்கச் சாதன ஆய்வுத் துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டார்.

ஒன்பதாம் நாள் பழுப்பு உறை வந்தது.

பூவராகன் அதை நின்றபடி பிரித்து, உட்கார்ந்தபடி படித்து முடித்தார்.

"இன்னாய்யா அது?" என்றாள் பட்டு.

"லிஃப்ட்டாம்."

"எங்க?"

"நம்ம வூட்ல."

"நம்ம வூடே தரையோட கீது. லிஃப்ட்ல ஏறி எங்க போறது?"

"ஆறு மாசம் வரைக்கும் உள்ள போலாம்னு போட்டுக்கீது" என்றார் பூவராகன்.

அலுவலகம் தாம்பரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டின் உரிமம் புதுப்பிக்கப்படாததால் எல்லோரும் படியேறினார்கள். மேலே கண்காணிப்பாளர் ஏகநாதன் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் தன் கையிலிருக்கும் காகிதத்தோடு பேசுவார்.

"மோட்டார் இருக்கா?"

"இருக்குது சார்."

"மேல போகுமா?"

"போவும் சார்."

"கீழ வருமா?"

"வரும் சார்."

"லிஃப்ட்."

"சார், அது ஷெட்டுக் கதவு சார்."

"லிஃப்ட்டுக்கும் கதவு இருக்கு" என்றார் ஏகநாதன். "முப்பது வருஷமா இந்த சீட்ல இருக்கேன். எத்தனையோ பேர் வந்து அது இல்ல சார், இது இல்ல சார்னு சொல்லிருக்காங்க. நான் இன்னி வரைக்கும் ஒரு லிஃப்ட்ல கூடக் கால் வெச்சதில்ல. ஏறிப் பாத்தா அதப் பத்தி ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்தவன் ஃபைல் பாக்கக் கூடாது."

ஏகநாதன் பதினாறு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து, அவரே கேட்டு அவரே நிரப்பினார்.

"எத்தனை தளம்?"

"தரை மட்டும்தான் சார்."

"ஒண்ணு. எத்தனை பேர் ஏறலாம்?"

"யாரும் ஏற முடியாது சார். தகரம் சார் அது. சுருண்டுக்கும்."

ஏகநாதனின் பேனா முதல்முறையாக நின்றது. "காலியா விட முடியாது. பூஜ்யம்னு போடறேன். கொள்ளளவு பூஜ்யம் நபர். போர்டு எழுதி மாட்டிடுங்க. அதுக்கு மேல ஒருத்தர் ஏறினாலும் ஓவர்லோட். தனிக் குற்றம். அபாய மணி இருக்கா?"

"இல்ல சார்."

"வைங்க. ஆய்வு முடியற வரைக்கும் சாதனத்தத் தொடக்கூடாது. கண்டது கண்டபடி இருக்கணும்."

நல்லவேளையாக, அந்தச் சமயத்தில் ஷட்டர் மேலே இருந்தது. பதினோரு நாள் அது கண்டபடியே இருந்தது. ஷெட்டுக்குள் ஆடுகள் வந்து படுத்தன. பட்டு அவற்றை விரட்டிவிட்டு வேனை எடுப்பாள். பூவராகன் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாரும் ரிமோட்டைத் தொட்டுவிடாமல் காவல் காத்தார். தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். 'கொள்ளளவு: 0 நபர்' என்ற பலகையை அவரே எழுதி மாட்டினார். அபாய மணிக்கு வேறு எதுவும் தோன்றாமல் சைக்கிள் மணி ஒன்றை வாங்கி உள்சுவரில் பொருத்தினார். பாரச் சோதனைக்கான சாட்சிகளும் தேவைப்பட்டார்கள். கொள்ளளவைப் போல ஒன்றேகால் மடங்குப் பாரம் ஏற்ற வேண்டும் என்பது விதி. பூஜ்யத்தில் ஒன்றேகால் மடங்கும் பூஜ்யம்தான். எனவே 'நாங்கள் இதில் ஏறவில்லை' என்று ஏறாதவர்கள் எல்லோரும் எழுதித்தர வேண்டும் என்று ஏகநாதன் சொல்லியனுப்பினார். தெருவில் நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். சத்தியநாதன் இரண்டு முறை போட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை மண்டல ஆய்வாளர் சுந்தர்சிங் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே ஏகநாதனும் வந்தார். சுந்தர்சிங் கனத்த சரீரம், கனிவான முகம். சர்க்கரை வியாதிக்காரர். பட்டு வேனை எடுத்துக்கொண்டு முடிச்சூர் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போயிருந்தாள். பூவராகன் மட்டும் இருந்தார்.

"பயப்படாதீங்க பூவராகன்" என்று தோளில் தட்டினார் சுந்தர்சிங். "சட்டமே மனுஷனுக்காகத்தான். ஆனா மனுஷன் ஃபாரத்துல அடங்கணும். அடங்கலைன்னா ஃபாரத்த மாத்த முடியாது, பாருங்க."

பலகையைப் பார்த்தார். திருப்தி. ஏறாதவர்கள் பட்டியலைப் பார்த்தார். திருப்தி. கொள்ளளவு பூஜ்யம் என்று சான்றளித்துக் கையெழுத்திட்டார். பிறகு படிவத்தின் பதினாலாம் பத்தி வந்தது. சாதனம் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் அடிக்கும் மணி வெளியே கேட்கிறதா என்று ஆய்வாளரே உள்ளே நின்று சோதிக்க வேண்டும்.

சுந்தர்சிங் ஷெட்டுக்குள் போய் நின்றார். யாரும் கையால் இழுத்துச் சோதனையைக் கெடுத்துவிடக் கூடாது என்று ஏகநாதன் உள்ளே போய்க் கைச்சங்கிலியைக் கம்பி போட்டுக் கட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டு வெளியே வந்தார். ஷட்டரை இறக்கச் சொன்னார். அது தரையைத் தொட்டது. மின்தடைச் சோதனைக்காக ஃபியூஸைப் பிடுங்கினார். பிடுங்கிய ஃபியூஸ் ஆவணம் ஆகிவிடும் என்பதால் அதை ஓர் உறையில் போட்டு ஒட்டி, டிரைவரிடம் கொடுத்து, ஜீப்பில் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

மணி பதினொன்று பத்து.

உள்ளே சைக்கிள் மணி அடித்தது.

"அபாய மணி கேட்கிறது. திருப்திகரம்" என்று எழுதினார் ஏகநாதன்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி அடித்தது. "திருப்திகரம்" என்றார் ஏகநாதன்.

"ஏகநாதன், போதும்பா, தொறங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஃபியூஸ் வந்ததும் திறக்கலாம் சார்."

"எப்ப வரும்?"

"பதிவேட்ல ஏத்தி, நம்பர் போட்டு, வெளிக்கொணர்வு உத்தரவுல நீங்க கையெழுத்துப் போட்டதும் வந்துடும் சார்."

"நான் உள்ள இருக்கேனே" என்றார் சுந்தர்சிங்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஜூலை மாதத்தில்கூட அந்த வருஷம் வெயில் குறையவில்லை. சங்கிலி சுந்தர்சிங்கின் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. ஆனால் முத்திரை வைத்த அலுவலரே இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அதை உடைக்க வேண்டும். அந்த அலுவலர் வெளியே நின்றார். முத்திரையைத் தொடாமல் இருக்கும்படி கதவோரம் வாயை வைத்து அவரே நினைவூட்டவும் செய்தார்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு மணிச்சத்தம் மாறியது. முதலில் கிணுகிணுவென்று வந்தது, இப்போது விட்டுவிட்டு ஒவ்வொன்றாக வந்தது. பிறகு, "தண்ணி" என்று ஒரு வார்த்தை.

பூவராகனின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. "சார், அவரு சுகர்காரரு சார். நான் வெளிய இருந்து சுத்தித் தொறந்துடறேன் சார். ரெண்டு நிமிஷம்."

"எதால?"

பூவராகன் சுவர்த் துளையைக் காட்டினார். ஏகநாதன் பதினாறு பக்கங்களையும் புரட்டினார். "இது ஃபாரத்துலயே இல்லையே."

"ஆமா சார்."

"லைசென்ஸ் இல்லாதவன் லிஃப்ட்ட இயக்கினா ஆறு மாசம். ஒவ்வொரு சுத்தும் தனித்தனி இயக்கம். யோசிச்சுக்கங்க. நான் தடுக்க மாட்டேன். எழுதிக்குவேன், அவ்வளவுதான்."

மணி இன்னொரு தடவை, ஒரே ஒரு கிண் என்று அடித்தது. அப்புறம் உள்ளே ஏதோ கனமானது சரிந்து விழுந்த சத்தம் வந்தது.

பூவராகன் யோசித்தார் என்று சொல்ல முடியாது. கண்ணுக்குமுன் இரும்புக் கம்பி வைத்த ஜன்னல் ஒன்று தெரிந்தது. அதே நேரத்தில் கால்கள் ஓடிப்போய்க் கைப்பிடியை எடுத்து வந்தன. துளையில் செருகிச் சுற்றினார்.

"ஒன்று" என்று எழுதினார் ஏகநாதன்.

ஷட்டர் ஒரு விரல்கடை எழும்பியது.

"இரண்டு. மூன்று. கொஞ்சம் மெதுவா, எழுத முடியல."

பூவராகன் ஒவ்வொரு சுற்றுக்கும் மனதுக்குள் ஆறு மாதத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பத்தாவது சுற்றில் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பட்டுவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது ஆகியிருக்கும். இருபதாவது சுற்றில் பத்து வருஷம். கை வழுக்கியது. கண்ணீரா வேர்வையா என்று தெரியாமல் முகமெல்லாம் ஈரம். முப்பத்தொன்றாவது சுற்றில் ஷட்டர் முழங்கால் உயரம் வந்தது. பூவராகன் படுத்து உள்ளே நகர்ந்து, சுந்தர்சிங்கின் இரண்டு கால்களையும் பற்றி இழுத்து வெளியே கொண்டுவந்தார். சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சத்தியநாதன் வீட்டிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வந்தது. அரைமணி கழித்து ஆய்வாளர் கண் திறந்தார்.

"முப்பத்தொரு குற்றம்" என்றார் ஏகநாதன். "இந்த வட்டாரத்துலயே இவ்வளவு வந்ததில்ல."

அன்றிலிருந்து பூவராகன் போலீஸை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி, துண்டு, பல்துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டார். பட்டு அதைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போடுவாள். அவர் மறுபடி எடுத்து வைப்பார்.

ஆறாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. சுந்தர்சிங் தனியாக நின்றிருந்தார். கையில் பழுப்பு உறை. பூவராகன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

"எனக்கு வந்த மெமோ இது" என்றார் சுந்தர்சிங்.

உள்ளே உட்கார வைத்துப் பட்டு படிக்கச் சொன்னாள். சுந்தர்சிங் படித்தார்: 'ஆய்வு நாளன்று முற்பகல் 11.10 முதல் பிற்பகல் 12.50 வரை ஆய்வாளர் காணப்படவில்லை. சாதனத்தின் கொள்ளளவு பூஜ்யம் என அவரே சான்றளித்துள்ளதால், அவர் அதனுள் இருந்திருக்க இயலாது. ஆகவே மேற்படி நேரத்தில் அவர் பணியிலிருந்து தலைமறைவானதாகக் கருதி ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

"யாரு கையெழுத்து?" என்றார் பூவராகன்.

"மேலதிகாரி. எழுதினது ஏகநாதன். நான் விழுந்ததப் பாத்தவரே அவருதான். கேட்டா, பாத்தது வேற, ஃபைல்ல இருக்கறது வேறங்கறாரு." சுந்தர்சிங் மெமோவை மடித்தார். "ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு. உள்ள இருந்தேன்னு எழுதினா ஓவர்லோட். ஏறினது நானே. இல்லைன்னு எழுதினா ஓடிப்போனவன். மூணு நாளா தூக்கமில்ல. நீங்கதான் இழுத்துப் போட்டீங்க. அத எழுதித் தர முடியுமா?"

"எழுதினா முப்பத்தொண்ணயும் ஒத்துக்கினா மாதிரி ஆயிடுமே சார்" என்றார் பூவராகன்.

பட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு ஷெட்டுக்குள்ள நீங்க எப்டிப் போனீங்க?"

"எப்படின்னா? நடந்துதான்."

"இன்னாத்து வழியா?"

"கதவு வழி..." என்ற சுந்தர்சிங் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"அத்த அப்டியே எழுதுங்க" என்றாள் பட்டு. "கதவு வழியா ஒருத்தர் வூட்டுக்குள்ள போனீங்க. கதவு சாத்திக்கிச்சு. வூட்டுக்காரரு தொறந்து வுட்டாரு. கதவத் தொறக்க எத்தினி சுத்து சுத்தினா இன்னா? இதுல லிஃப்ட்டு எங்க வந்திச்சு?"

சுந்தர்சிங் அங்கேயே, அவர்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து எழுதினார். கதவு என்று எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது. முப்பத்தைந்து வருஷச் சர்வீஸில் அவர் ஒரு பொருளைக் கண்ணால் கண்டபடியே எழுதியது அதுதான் முதல் முறை. பதில் ஏகநாதனிடம் போனது. ஏகநாதனுக்கு யார்மேலும் வஞ்சம் கிடையாது. காகிதம் கேட்டார், காகிதம் வந்துவிட்டது. 'ஆய்வாளர் பணியில் இருந்தது மெய்யாகும் பொருட்டு, மேற்படி சாதனம் கதவு என அறியப்படலாம்' என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினார். அது பத்தொன்பது நாள் சுற்றியது. ஒவ்வொரு நாளும் பூவராகன் பையை எடுத்து வைத்தார்.

உத்தரவைச் சுந்தர்சிங்கே ஒருநாள் காலை கொண்டுவந்தார். ஃபியூஸ் முந்தின நாளே திரும்பி வந்திருந்தது. பட்டு வேனை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஷட்டரை மேலே ஏற்றியிருந்தாள். இன்னும் லீவிலேயே இருந்த பூவராகன் ஷெட்டுக்குள் நின்று உத்தரவை வாங்கினார். 'கதவு என அறியப்படுகிறது. குற்றங்கள் எழவில்லை.' இரண்டு வரிதான். நாலு முறை படித்தார்.

"உள்ள வாங்க சார், இங்கயே ஒரு காப்பி சாப்ட்டுப் போலாம்."

சுந்தர்சிங் தலையைத் தூக்கி, மேலே சுருண்டு நின்ற ஷட்டரைப் பார்த்தார். "இருக்கட்டும்பா."

"கதவுதான் சார். நீங்களே எழுதிக்கீறீங்க."

"எழுதினேன்" என்றார் சுந்தர்சிங். கால் நகரவில்லை.

பட்டு ஹாரன் அடித்தாள். "சார், ஒண்ணு உள்ள வாங்க, இல்லாங்காட்டி ஓரமா நில்லுங்க. பசங்க ரோட்ல நின்னுகினு கீதுங்க."

சுந்தர்சிங் ஓரமாக நின்றார். பூவராகன் அவரைப் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவரும் வெளியே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். வேன் இருவரையும் கடந்து வெளியேறியது. பட்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் பித்தானை அழுத்திவிட்டுப் போனாள். ஷட்டர் உறுமிக்கொண்டு இறங்கியது. அது தரையைத் தொடும்வரை இருவரும் மூச்சு விடவில்லை.